சிறுவயது வீட்டை வரைகிறேன், அம்மா மட்டும் படத்துக்குள் வர மறுக்கிறாள்

ஈரக்காகிதம்:

எல்லோருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளாக நீர்வண்ணத்திலும் அக்ரிலிக்கிலும் வரைந்து வருகிறேன். பெரும்பாலும் நிலக்காட்சிகள். மகளுக்கு இப்போது 20 மாதம். அவள் பிறந்த பிறகு நிலக்காட்சியின் பக்கம் மனம் போகவே இல்லை. நான் வளர்ந்த வீடுதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது.

எப்படித் தொடங்கியது என்றும் சொல்லிவிடுகிறேன். ஓர் இரவு மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு இருட்டில் நடந்துகொண்டிருந்தேன். கதவுக்கு அடியில் கூடத்து விளக்கின் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருந்தது. சின்ன வயதில் படுக்கையில் இருந்தபடி நான் பார்த்துக்கொண்டே தூங்கிப்போன அதே கோடு. அப்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா நடமாடுவாள், நிழல் வந்து வந்து போகும். அன்று இரவே ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் அதை வரைந்தேன்.

அதற்குப் பிறகு ஏழு படங்கள் போட்டுவிட்டேன். மாடிப்படி, ஜன்னல், அலமாரி, பின்கதவு. ஏழும் வாழ்த்து அட்டை போல இருக்கின்றன. பார்க்கிறவர்கள் "அழகாக இருக்கிறது" என்கிறார்கள். எனக்கோ பொய் சொல்லிவிட்ட மாதிரி உறுத்துகிறது.

அந்த வீடு இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். மிஞ்சியவை 11 புகைப்படங்கள். அம்மா இருக்கிறாள். ஆனால் அவளிடம் படத்தைக் காட்டினால், "அந்தச் சுவரில் ஜன்னலே கிடையாது" என்கிறாள். எனக்கு அந்த ஜன்னல் நேற்றுப் பார்த்தது போலத் தெரிகிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் அம்மாவை வரைவதுதான். நிற்கிற மாதிரி வரைந்தால் புகைப்படத்துக்கு நிற்பது போல இருக்கிறாள். உட்கார வைத்தால் வேறு யாரோ ஆகிவிடுகிறாள். நினைவிலிருந்து வரையலாம் என்றால் முகமே வருவதில்லை. தினமும் பார்க்கிற முகம்!

நினைவை நம்புவதா, புகைப்படத்தையா, அம்மா சொல்வதையா? இனிப்பு கொட்டாமல் இதை எப்படிச் செய்வது? இன்னொன்று, மகள் பகலில் தூங்கும் 40 நிமிடம்தான் என் நேரம். அதற்குள் செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

ஜன்னலோரம்:

நான் புகைப்படக்காரன், ஆனாலும் சொல்கிறேன்: அந்த 11 படங்களையும் ஒரு மாதத்துக்கு எங்காவது எடுத்து வைத்துவிடுங்கள். குடும்ப ஆல்பத்தில் இருப்பது விருந்தாளிக்காகக் கூட்டிப் பெருக்கிய வீடு. துணி காய்கிற கொடியை அவிழ்த்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டு எடுத்த படங்கள் அவை. நீங்கள் வாழ்ந்தது மற்ற நாட்களில்.

கரித்துண்டு:

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். "உட்கார வைத்தால் வேறு யாரோ ஆகிவிடுகிறாள்" என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. அதே இடத்தில் ஆறு ஆண்டுகள் முட்டி மோதியவள் நான்.

நான் அச்சோவியம் செய்பவள். அம்மா துணி தைத்துக் கொடுத்து எங்களை வளர்த்தாள். அவள் போன பிறகு, தையல் இயந்திரத்தின் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பதை மரத்தில் செதுக்கி அச்செடுத்தேன். ஒன்பது பலகை வெட்டினேன். குனிந்த தலை, விளக்கொளி, கையில் துணி. ஒன்பதும் காலண்டர் படம். ஒன்றில்கூட என் அம்மா இல்லை.

பத்தாவது பலகையை எடுக்கக் கை வரவில்லை. அதனால் வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து போட்டேன். கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்ப்பது போன்ற படம். கட்டடம் கட்டுகிறவர்கள் போடுவது. அளவுகோல் வைக்கவில்லை. சுவர்களைப் போட்டு, கதவுகளைத் திறந்து வைத்து, யார் யாருக்கு எந்த இடம் என்று எழுதிக்கொண்டே போனேன். அப்பாவின் நாற்காலி. பாட்டியின் கட்டில். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே என் மூலை. தம்பி பாடம் எழுதும் மேசை. மூடியைப் போட்டுவிட்டால் தையல் இயந்திரம்தான் அவன் மேசை. கடைசியில் "அம்மா" என்று எழுதப் பேனாவை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். எழுத இடம் இல்லை. இரண்டு அறை, ஒரு கூடம், ஓர் அடுக்களை. அதில் ஒரு சாண் இடம்கூட அவளுடையது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்று அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் சரியான கேள்வி வந்தது. அவள் எங்கே இருந்தாள் என்பதை விடுங்கள், நான் எங்கே இருந்து அவளைப் பார்த்தேன்?

இயந்திரத்துக்கு அடியில் இருந்து.

அங்கேதான் விளையாடுவேன். கால்மிதி வார்ப்பிரும்பு, பூ வேலைப்பாட்டு ஓட்டைகள் நிறைந்தது. அந்த ஓட்டைகளின் வழியே தரையில் வெளிச்சம் புள்ளி புள்ளியாக ஆடும். பக்கத்தில் பெரிய சக்கரம், தோல் பட்டை, எண்ணெய் வாசனை. அம்மாவின் இரண்டு பாதங்கள், வலது குதிகால் கொஞ்சம் முன்னால். குதிகால் வெடிப்பில் அறுந்த நூல் துணுக்குகள் ஒட்டியிருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது என் வேலை என்று நானே வைத்துக்கொண்டிருந்தேன். மேலே என்ன தைக்கிறாள் என்பது சத்தத்திலேயே தெரியும். நீண்ட தையல் என்றால் ஒரே ஓட்டமாக ஓடும். கழுத்துப் பட்டி என்றால் விட்டு விட்டு, மூச்சு வாங்குவது போல. சத்தமே இல்லை என்றால் பொத்தான்.

முகம் நினைவுக்கு வராததில் என்ன வியப்பு? முகம் மேசைக்கு மேலே இருந்தது, நான் கீழே இருந்தேன். உங்களுக்கும் முகம் வராமல் இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். நீங்கள் அந்த வீட்டில் எந்த உயரத்தில் இருந்தீர்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. நான்கு வயதுக் குழந்தை சுமார் 1 மீட்டர் உயரம் இருக்கும். கண் அதற்கும் பத்து சென்டிமீட்டர் கீழே. மேசை என்பது பொதுவாக 75 சென்டிமீட்டர். அப்படியானால் அந்தக் குழந்தைக்கு மேசையின் மேற்பரப்பு விரிந்த பரப்பாகத் தெரியாது, ஓர் ஒடுங்கிய பட்டையாகத்தான் தெரியும். கதவுப்பிடி முகத்துக்கு நேராக வரும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மடி கண்ணுக்குக் கீழேயும் மோவாய் கண்ணுக்கு மேலேயும் இருக்கும். உங்கள் ஏழு படங்களையும் எடுத்து, தொடுவானக் கோடு, அதாவது பார்ப்பவரின் கண்மட்டம், எங்கே விழுகிறது என்று ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். பெரியவர் நின்று பார்க்கும் உயரத்தில் விழுந்திருந்தால், அது வளர்ந்தவள் குனிந்து தன் பழைய வீட்டைக் கொஞ்சுகிற படம். அந்தக் கோட்டை 90 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள். மாடிப்படி மலை ஆகும், அலமாரிக்கு முடிவே இருக்காது, வீட்டில் ஒரு பயமும் வந்து சேரும். அது வர வேண்டும். சின்ன வயதில் வீடு என்பது பாதி பயம்தானே.

சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் சிலந்திச் சிற்பத்தை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1999இல் செய்தது, 9 மீட்டருக்கு மேல் உயரம், வயிற்றுப் பையில் பளிங்கு முட்டைகள். அதற்கு அவர் வைத்த பெயர் "மாமன்", பிரெஞ்சில் குழந்தை அம்மாவைக் கூப்பிடும் சொல். அவருடைய பெற்றோர், உருவங்கள் நெய்து சுவரில் தொங்கவிடும் பழைய திரைச்சீலைகளைச் செப்பனிடும் பட்டறை நடத்தினார்கள், அம்மா அதில் நெய்து சரிசெய்பவர். அந்தச் சீலைகள் அடிப்பக்கம்தான் அதிகம் நைந்திருக்கும் என்பதால், காணாமல் போன பாதங்களை வரைந்து கொடுக்கும் வேலை சிறுமி லூயிசுக்கு வந்தது. அம்மா 1932இல் இறந்தார். மகள் அந்தச் சிலந்தியைச் செய்தபோது அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது. அதில் அம்மாவின் முகம் கிடையாது, அம்மாவின் தொழில் இருக்கிறது. கிழிந்ததைத் திரும்பத் திரும்ப நெய்கிற உயிர் அது. அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்கிற எவருக்கும் உயரம் குறைந்துவிடும். எனக்குத் தையல் இயந்திரத்தின் அடி நினைவுக்கு வந்தது.

முகம் உள்ள படம் வேண்டும் என்றால் பெர்த் மொரிஸோ 1872இல் வரைந்த தொட்டில் ஓவியத்தைப் பாருங்கள். அதில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய், ஓவியரின் அக்கா எத்மா. இரண்டு பேரும் சேர்ந்தே ஓவியம் படித்தவர்கள். திருமணத்துக்குப் பிறகு எத்மா தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். தங்கை தொடர்ந்து வரைந்தார், 1874இல் இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சியில் இந்தப் படத்தை வைத்தார். பல ஆண்டுகள் இதைத் தாய்ப்பாசத்தின் படமாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யாரை வரைந்தார் என்று தெரிந்த பிறகு அந்த முகத்தை அப்படிப் பார்க்க முடியவில்லை. கன்னத்தில் கை ஊன்றியிருக்கிறார். தாய்க்கும் நமக்கும் நடுவே ஒன்றும் இல்லை, குழந்தைக்கும் நமக்கும் நடுவே மட்டும் மெல்லிய திரை. அன்பும் களைப்பும் இன்னும் ஏதோ ஒன்றும் ஒரே முகத்தில். அதை இனிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

ஜன்னல் விஷயம். அம்மா சொல்வதையும் வரையுங்கள், உங்கள் ஜன்னலையும் அழிக்காதீர்கள். ஆனால் "என் நினைவு, அவ்வளவுதான்" என்று அங்கேயே நின்றுவிடவும் வேண்டாம். எங்கள் வீட்டு ஜன்னலில் நீலத் திரை தொங்கியது என்று நான் சத்தியம் செய்வேன். தம்பி, திரையே கிடையாது என்றான். இரண்டும் உண்மை என்று பிறகு தெரிந்தது: தைத்து முடித்த துணிகளை ஜன்னல் கம்பியில்தான் அம்மா தொங்கவிடுவாள். யாருக்கோ தைத்த நீல உடை ஒரு வாரமோ இரண்டு வாரமோ அங்கே தொங்கியிருக்கிறது. என் சிறுவயது முழுவதற்கும் நிறம் கொடுத்தது இன்னொருவருடைய உடை. உங்கள் ஜன்னலும் வேறு ஏதோ ஒன்றாக இருந்திருக்கலாம். கண்ணாடியோ, பக்கத்து வீட்டு வெளிச்சம் விழுந்த சதுரமோ. தேடுங்கள்.

கடைசியில் என்ன செய்தேன் என்றும் சொல்ல வேண்டும். அந்தத் தையல் மேசை தம்பி வீட்டில் இருந்தது. அதன் மேல் மெல்லிய தாளைப் போர்த்தி, நகராதபடி காகித டேப்பால் ஒட்டி, கிராஃபைட் கட்டியைப் படுக்கைவாட்டில் பிடித்துத் தேய்த்தெடுத்தேன். கொரியக் கலைஞர் டூ ஹோ சூ நியூயார்க்கில் தான் குடியிருந்த வீட்டின் உட்புறத்தையே தாளால் போர்த்தி வண்ணப் பென்சிலால் தேய்த்தெடுத்தவர். சுவிட்சு, குழாய், கதவுப்பிடி எதையும் விடவில்லை. அவரைப் பார்த்துத்தான் எனக்குத் துணிவு வந்தது. மேசையின் மேற்பரப்பில் மர ரேகையும் சில வெட்டுத் தழும்புகளும் வந்தன. எதிர்பார்த்ததுதான். வலது விளிம்புக்கு வந்தபோது கருமைக்குள் வெள்ளைப் புள்ளிகள் எழுந்தன. நூற்றுக்கணக்கில், ஒரு சாண் நீளத்துக்குள் நெருக்கமாக. என்னவென்று புரியவே சிறிது நேரம் ஆயிற்று. தைக்கும்போது குண்டூசிகளைக் கழற்றிக் கழற்றி அவள் குத்தி வைத்த இடம். என் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் இத்தனை ஆண்டுகள் அது நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

அந்தத் தாளுக்கு அம்மாவின் பெயரைத் தலைப்பாக வைத்தேன். அவளை வரைந்தவற்றில் எனக்கு நிறைவு தந்தது அது ஒன்றுதான்.

ஆகவே முதலில் வரைபடத்தைப் போடுங்கள். கை எங்கே நிற்கிறதோ, எங்கே வெறுமையாக இருக்கிறதோ அந்த இடத்தை நிரப்பாமல் அப்படியே விட்டு, அங்கே வேலையைத் தொடங்குங்கள்.

தறிநூல்:

கரித்துண்டு எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய அம்மா இல்லை, உங்கள் அம்மா இருக்கிறார். இது பெரிய வேறுபாடு. இருப்பவரைத் தடயங்களில் தேட வேண்டிய தேவை என்ன? அவர் "ஜன்னல் கிடையாது" என்று சொன்னது குறுக்கீடு இல்லை, வேலைக்குள் வருகிறேன் என்று கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே விடுங்கள்.

சீனக் கலைஞர் சோங் டோங்கின் அம்மா வறுமையில் வாழ்ந்து பழகியதால் எதையும் தூக்கி எறியமாட்டார். 2002இல் கணவர் இறந்த பிறகு வீடு முழுக்கப் பொருட்களால் நிறைந்து, நடக்க இடமில்லாமல் போயிற்று. மகன் அவற்றை அப்புறப்படுத்தவில்லை. 2005இல் பெய்ஜிங்கில், பத்தாயிரத்துக்கும் அதிகமான அந்தப் பொருட்களை வீட்டின் மரச்சட்டகத்தோடு சேர்த்து ஒரு கண்காட்சிக் கூடத்தில் பரப்பி வைத்தார். காலியான பற்பசைக் குழாய்கள், சோப்புத் துண்டுகள், பாட்டில் மூடிகள், செருப்புகள். அவற்றைப் பிரித்து அடுக்கியது அம்மாதான். துக்கத்தில் மூழ்கியிருந்தவருக்கு அது ஒரு வேலையாகவும் இருந்தது, பார்க்க வந்தவர்களிடம் பேசுவதற்கு ஒரு காரணமாகவும் இருந்தது. அந்தப் படைப்பு மகனுடையது மட்டுமல்ல.

நான் ஒட்டுத்துணி வேலை செய்பவள், அதனால் ஃபெய்த் ரிங்கோல்டையும் சொல்லாமல் இருக்க முடியாது. அவருடைய முதல் ஒட்டுத்துணிப் படைப்பு 1980இல் அம்மா வில்லி போசியோடு சேர்ந்து செய்தது. அம்மா உடை வடிவமைப்பாளர். மகள் முகங்களை வரைந்தார், தையல் அம்மாவுடையது. அடுத்த ஆண்டே அம்மா இறந்துவிட்டார். சேர்ந்து செய்வதற்கு ஒரு காலம் உண்டு, அதைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவிடமும் ஒரு தாளைக் கொடுத்து அதே வரைபடத்தைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

ஈரக்காகிதம்:

எல்லோருக்கும் நன்றி. நூல் பிடித்துப் பார்த்தேன். ஏழு படங்களிலும் தொடுவானம் நின்று பார்க்கிற உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவற்றுக்கு முன்னால் உறையின் பின்பக்கத்தில் வரைந்தேனே, அந்தக் கதவுக்கோடு. அது மட்டும் படுக்கையிலிருந்து பார்த்தது. எனக்குப் பிடித்ததும் அது ஒன்றுதான், இப்போதுதான் காரணம் தெரிகிறது.

கரித்துண்டு அக்கா, 40 நிமிடம் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே? வண்ணம் குழைத்து முடிப்பதற்குள் அவள் எழுந்துவிடுகிறாள். பாதியில் விட்டதை மறுநாள் தொட்டால் வேறு படம் ஆகிவிடுகிறது. சில நாள் கோபம் வருகிறது, கோபப்பட்டதற்காக அழுகையும் வருகிறது.

கரித்துண்டு:

மறந்துவிட்டேன், மன்னியுங்கள். அந்தக் கோபம் எனக்கும் தெரியும். என் மகன் பிறந்த பிறகு மூன்று ஆண்டுகள் ஒரு பலகைகூட வெட்டவில்லை.

40 நிமிடத்தில் முடியக்கூடிய அளவுக்குத் தாளைச் சிறிதாக்குங்கள். உள்ளங்கை அளவு போதும். ஒவ்வொரு நாளும் ஒரு தாள், வீட்டின் ஒரே ஒரு பொருள், 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து. பாதியில் அவள் எழுந்துவிட்டால் பாதியாகவே இருக்கட்டும். தாளின் பின்னால் நேரத்தை எழுதி, "எழுந்துவிட்டாள்" என்று குறித்து வையுங்கள். மறுநாள் அதைத் தொடாதீர்கள். நூறு தாள் சேர்ந்த பிறகு எது எங்கே நின்றது என்று வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். உங்கள் நாட்களின் வடிவம் அதில் தெரியும். கலைஞர் மேரி கெல்லி 1973இல் மகன் பிறந்ததிலிருந்து பல ஆண்டுகள், அவனுடைய அணையாடை விரிப்புகள், உணவுக் குறிப்புகள், கிறுக்கல்கள், முதல் எழுத்துகள் எல்லாவற்றையும் தேதியிட்டுச் சேர்த்தே ஒரு பெரிய படைப்பை உருவாக்கினார். 1976இல் லண்டனில் அதன் முதல் பகுதிகளைக் காட்சிக்கு வைத்தபோது, அழுக்குத் துணியெல்லாம் கலையா என்று பத்திரிகைகள் கூச்சலிட்டன. இன்று அதைச் சொல்லாமல் தாய்மையைப் பற்றிய கலையைப் பேச முடியாது. மியர்ல் லேடர்மன் யூக்கிலிஸ் குழந்தை பிறந்த பிறகு 1969இல், துடைப்பதும் துவைப்பதும் பராமரிப்பதுமே இனி என் கலை என்று அறிக்கை எழுதினார். 1973இல் ஓர் அருங்காட்சியகத்தின் படிகளை மண்டியிட்டுக் கழுவிக் காட்டினார். நேரம் இல்லாமல் தவித்தவர்கள், அந்தத் தவிப்பையே கையில் எடுத்தார்கள்.

பொருட்களைப் பற்றி: பென்சில், நீர்வண்ணம், வண்ணப் பென்சில் போதும். மென் பாஸ்டல் வேண்டாம், தூள் தரையில் இறங்கும், தரையில் இருப்பது அவள். கரிக்கோலும் அப்படியே (என் பெயரை வைத்துக்கொண்டு நானே சொல்கிறேன்). நிலைநிறுத்தும் ஸ்பிரே, டர்பன்டைன் இரண்டையும் வீட்டுக்குள் திறக்காதீர்கள். காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த நிறங்களைப் பூட்டி வையுங்கள்.

ஜன்னலோரம்:

ஒரு சிறு வேண்டுகோள். மகளையும் வரைவீர்கள், தெரியும். வரையுங்கள். வெளியே காட்டும் முன், அவள் 15 வயதில் இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுக் காட்டுங்கள். அவள் குளிப்பதையும் அழுவதையும் அவளுக்கே வைத்துவிடலாம். என் பிள்ளைகளின் படங்களில் சிலவற்றை அவர்கள் வளர்ந்த பிறகு கேட்டு, அவர்கள் வேண்டாம் என்றதால் பெட்டியில் போட்டுவிட்டேன். வருத்தம்தான். ஆனாலும் சரி.

ஈரக்காகிதம்:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். 9 தாள்கள் ஆயின. நான்கில் "எழுந்துவிட்டாள்".

வரைபடம் போட்டேன். கரித்துண்டு அக்காவுக்கு நடந்ததே எனக்கும் நடந்தது. அடுக்களையில் எழுதலாமா என்று நினைத்தேன். அங்கே அவள் நின்றாள், அவ்வளவுதான். ஒரு நாற்காலியில்கூட அவளை எழுத முடியவில்லை.

பிறகு அம்மாவிடம் தாளைக் கொடுத்தேன். "எனக்கு எங்கே வரையத் தெரியும்" என்றாள். மேசையில் வைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது இன்னொரு தாள் கேட்டாள், வீடு முதல் தாளுக்குள் அடங்கவில்லையாம். அவளுடைய வீடு என் வீட்டைப் போல இருமடங்கு நீளம். அடுக்களை மட்டும் பாதித் தாளை அடைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர்க் குழாயிலிருந்து அடுப்புக்கு எத்தனை எட்டு என்று எண்ணிப் போட்டிருக்கிறாள். என் ஜன்னல் இருந்த சுவரில் அவள் போட்டிருப்பது கண்ணாடி பதித்த அலமாரிக் கதவு. எதிர்ச்சுவர் ஜன்னல் அதில் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துவிட்டோம்.

பின்கதவுக்கு வெளியே இரண்டு படி போட்டு, மேல்படியில் சின்னதாக ஒரு வட்டம் வரைந்திருந்தாள். இது என்ன என்று கேட்டேன். "நான்தான். நீ மத்தியானம் தூங்கினால் அங்கே போய் உட்காருவேன்" என்றாள். என்ன செய்வாய் என்று கேட்டேன். "ஒன்றும் செய்யமாட்டேன். சும்மா இருப்பேன். நீ எழுந்தால் கொலுசுச் சத்தம் கேட்கும், வந்துவிடுவேன்."

பின்கதவை நான் வரைந்திருக்கிறேன். ஏழில் ஒன்று. உள்ளேயிருந்து பார்த்த மூடிய கதவு. அந்தப் படிகள் இருந்ததே எனக்கு நினைவில்லை.

இப்போது இதை என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் பார்த்திராத இடத்தை எப்படி வரைவேன்? நினைவு என்று சொல்லவும் முடியாது.

தறிநூல்:

அவரே வரைந்துவிட்டாரே. அந்த வட்டத்தை நீங்கள் மறுபடி வரைய வேண்டாம். அந்தத் தாளை மடிக்காமல் பத்திரமாக வையுங்கள்.

கரித்துண்டு:

அம்மாவிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தப் படி எவ்வளவு உயரம், உட்கார்ந்தால் முன்னால் என்ன தெரியும். பிறகு அதே உயரத்தில் ஒரு பலகையைப் போட்டு, மகள் தூங்கும் நேரத்தில் அதில் நீங்கள் உட்காருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பென்சிலை எடுக்காதீர்கள்.